நாள்தோறும் ஒலித்த நூல்: காலை மாலை மன்றாட்டும் மொழியின் வாழ்வும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், கிறித்தவர்கள் மறைநூலிலிருந்து வாசித்துச் செய்யும் காலை மன்றாட்டும் மாலை மன்றாட்டும் ஆகும். மொழி மன்ற மேடையில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஒரு சமயத்தை உயர்த்திப் பேசுவது நம் நோக்கமன்று. ஒரு மொழியை எளிய மக்கள் நாள்தோறும் இருமுறை, குறித்த நேரத்தில், வாய்விட்டுப் படித்து வந்தால் அம்மொழிக்கு என்ன நேர்கிறது? அவ்வாறு படிக்கும் வாய்ப்பை ஒரு மொழி பெறாது போனால் அதற்கு என்ன நேர்கிறது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை கூறும் வரலாறு இவ்வழிபாட்டினுள் அடங்கியிருக்கிறது. ஆதலின் எச்சமயத்தவரும், சமயம் சாராதோரும் இதனைக் கேட்டல் தகும்.

பொழுதோடு பொருந்திய வழிபாடு தமிழர்க்குப் புதிதன்று. விடியலில் பாடுதற்கென்றே திருப்பள்ளியெழுச்சி எனும் பாடல் வகை நம்மிடம் உண்டு. மார்கழி வைகறையில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்கின்றன. திருக்கோயில்களில் காலந்தவறாது ஓதுவார் தேவாரம் இசைக்கின்றார். பள்ளிவாசல்களில் ஐவேளையும் தொழுகை நடைபெறுகின்றது. இவற்றின் வரிசையில் வைத்தே காலை மாலை மன்றாட்டையும் நாம் காண வேண்டும்.

நாம் சிறுவராய் இருந்த காலத்தில், தோட்டப்புறத்து வீடொன்றில் மாலைதோறும் நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். அவ்வீட்டுப் பாட்டியார் பள்ளிக்குச் சென்றவர் அல்லர். கண்பார்வையும் மங்கிவிட்டது. விளக்கேற்றும் நேரத்தில் பேரன் சங்கீதப் பகுதியை உரக்க வாசிப்பான். அவர் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து கேட்பார். பேரன் ஏதேனும் ஒரு சொல்லைத் தாண்டிச் சென்றால், "தம்பி, விழுங்காதே. மறுபடி வாசி" என்று நிறுத்துவார். அவர் கையில் நூல் இல்லை. நூல் முழுதும் அவர் செவியில் இருந்தது. எழுத்தறியாத ஒருவர் எழுத்தறிந்த ஒருவனைத் திருத்தும் வலிமையை எங்கிருந்து பெற்றார்? இவ்வுரை முழுதும் அக்கேள்விக்கான விடையே.

எட்டு வேளை இரண்டான கதை

காலையும் மாலையும் இறைவனை நினைக்கும் வழக்கம் எபிரேயரின் கோயிலிலேயே இருந்தது. நாள்தோறும் காலையில் ஒரு பலியும் மாலையில் ஒரு பலியும் அங்கே செலுத்தப்பட்டன. கிறித்தவர்கள் அவ்விரு வேளைகளையும் தம் வழிபாட்டு வேளைகளாக ஏற்றனர். பின்னர்த் துறவியர் மடங்கள் தோன்றின. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கின்படி, துறவியர் பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் கூடி மன்றாடினர். 150 சங்கீதங்களும் ஒவ்வொரு வாரத்திலும் ஓதி முடிக்கப்பட்டன. மேலை ஐரோப்பாவில் இவை யாவும் இலத்தீன் மொழியில் நிகழ்ந்தன. காலம் செல்லச் செல்ல, அம்மொழி கற்றோர்க்கு மட்டுமே உரியதாயிற்று. உழவரும் கைவினைஞரும் மணியோசையைக் கேட்டனர். உள்ளே சொல்லப்பட்டதன் பொருளை அறிந்திலர்.

1549ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கேன்டர்பரிப் பேராயர் தாமஸ் கிரான்மரின் பொறுப்பில் பொது மன்றாட்டு நூல் ஒன்று ஆங்கிலத்தில் வெளிவந்தது. எட்டு வேளை வழிபாடும் அதில் இரண்டாகச் சுருக்கப்பட்டது. வைகறைக்கும் காலைக்கும் உரியவை காலை மன்றாட்டாயின. மாலைக்கும் துயிலுக்கு முன்னைய வேளைக்கும் உரியவை மாலை மன்றாட்டாயின. மடத்துக்குரியதாய் இருந்த ஒழுங்கு இவ்வாறு ஊரவர் அனைவர்க்கும் உரியதாயிற்று.

அந்நூலின் முன்னுரையில் கிரான்மர் பழைய முறையின் குறைகளை எடுத்துக்கூறுகின்றார். அவை மொழி கற்பிப்போர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. முதலாவது, மக்கள் அறியாத மொழியில் வாசிப்பதால் செவி மட்டும் கேட்கிறது, உள்ளம் பயன்பெறுவதில்லை. இரண்டாவது, மறைநூலின் ஒரு பகுதியைத் தொடங்கினால் மூன்று நான்கு அதிகாரங்களோடு நிறுத்திவிடுகின்றனர். எஞ்சியவை வாசிக்கப்படுவதே இல்லை. மூன்றாவது, எந்நாளில் எதை வாசிப்பது என்னும் விதிகள் மிகச் சிக்கலாகிவிட்டன. வாசிப்பதற்கு ஆகும் நேரத்தைவிட, வாசிக்க வேண்டியதைத் தேடுதற்கே மிகுதியான நேரம் செல்கின்றது.

அறிந்த மொழி, முழுமையான வாசிப்பு, எளிய ஒழுங்கு. இம்மூன்றையும் நினைவில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். இவ்வுரையின் முடிவில் இவற்றுக்கே நாம் திரும்பி வருவோம்.

முப்பது நாளில் ஒரு நூல்

இவ்வழிபாட்டின் அமைப்பு மிக எளியது. சங்கீத நூல் 60 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. மாதத்தின் முதல் நாள் காலையில் 1 முதல் 5 வரையிலான சங்கீதங்கள். அன்று மாலையில் 6 முதல் 8 வரை. இவ்வாறே சென்று 30ஆம் நாள் மாலையில் 147 முதல் 150 வரை ஓதினால் நூல் நிறைவுறும். 31 நாள்கள் கொண்ட மாதமாயின், 30ஆம் நாளுக்குரியவற்றையே மறுநாளும் ஓதுவர். அடுத்த மாதம் மீண்டும் முதற்பாட்டு. வாசிக்க வேண்டிய இடத்தை அறிய வேறெந்தக் கணக்கும் வேண்டா. இன்று தேதி என்ன என்று அறிந்தால் போதும்.

சங்கீதத்தை அடுத்து வருபவை இரண்டு பாடங்கள். முதற்பாடம் பழைய ஏற்பாட்டிலிருந்தும், இரண்டாம் பாடம் புதிய ஏற்பாட்டிலிருந்தும் வாசிக்கப்படும். காலையில் இரண்டும் மாலையில் இரண்டுமாக நாளொன்றுக்கு நான்கு பாடங்கள். 1549ஆம் ஆண்டின் திட்டப்படி ஓராண்டில் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஒருமுறை வாசிக்கப்பட்டது. புதிய ஏற்பாடு, வெளிப்பாட்டு நூல் நீங்கலாக, மூன்று முறை வாசிக்கப்பட்டது. நேற்று நிறுத்திய இடத்திலிருந்து இன்று தொடங்குவதே முறை. எனவே கேட்போர்க்குத் துண்டுகள் அல்ல, தொடர்ந்து செல்லும் ஒரு பெருங்கதையே கிடைத்தது.

பாடங்களுக்கு இடையே பாடப்படும் பாடல்களுள்ளும் பெரும்பாலானவை மறைநூலிலிருந்து வந்தவையே. காலையில் 95ஆம் சங்கீதமும் செக்கரியாவின் பாடலும் இடம்பெறும். மாலையில் மரியாளின் பாடலும் முதியவர் சிமியோனின் பாடலும் இடம்பெறும். வழிபாட்டின் தொடக்கத்தில், எங்கள் உதடுகளைத் திறந்தருளும் என்று கேட்கும் வேண்டுகோளும் 51ஆம் சங்கீதத்திலிருந்து எடுக்கப்பட்டதே. ஆகவே இவ்வழிபாட்டில் வாசிப்பு வேறு, மன்றாட்டு வேறு என்றில்லை. வாசித்த சொற்களே மன்றாடும் சொற்களாகின்றன. பிறர் எழுதிய சொல் நாளடைவில் வாசிப்பவரின் சொந்தச் சொல்லாகிவிடுகின்றது. மொழி கற்றலின் உயிர்நிலையும் இதுவன்றோ?

இங்கு மற்றொரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். 1662ஆம் ஆண்டில் இந்நூல் திருத்தப்பட்டபோது, ஞாயிறுகளுக்குரிய நிருப, நற்செய்திப் பகுதிகளுக்கு 1611ஆம் ஆண்டின் புதிய மொழிபெயர்ப்பை ஏற்றனர். ஆயினும் சங்கீதங்களை மட்டும் மாற்றவில்லை. மைல்ஸ் கவர்டேல் 16ஆம் நூற்றாண்டில் மொழிபெயர்த்த பழைய வடிவத்தையே வைத்துக்கொண்டனர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மாதந்தோறும் ஓதப்பட்டமையால் அச்சொற்கள் மக்களின் நாவில் படிந்துவிட்டன. அறிஞர்தம் திருத்தத்தைவிட நாவின் பழக்கம் அங்கு வலிதாயிற்று.

எதிரொலிக்கும் அடிகள்

சங்கீதங்கள் எபிரேய மொழிப் பாடல்கள். அவை ஆங்கிலத்திலும் வேல்சு மொழியிலும் தமிழிலும் உயிர்ப்போடு ஒலிப்பது எவ்வாறு? எபிரேயப் பாடலின் அடிப்படை, ஒலியைக் காட்டிலும் கருத்தின் இணையமைப்பிலேயே மிகுதியும் நிற்கின்றது. முதற்பாதியில் சொன்ன கருத்தை இரண்டாம் பாதி வேறு சொற்களால் மீண்டும் கூறும். அல்லது அதற்கு எதிரான கருத்தைக் கூறும். அல்லது அதனை ஒரு படி மேலே கொண்டு செல்லும். எதுகையையும் மோனையையும் மொழிபெயர்ப்பில் காப்பது அரிது. கருத்தின் இணையோ எல்லை கடந்தும் சிதையாது வரும்.

119ஆம் சங்கீதம் இதற்கு நல்ல சான்று. 176 வசனங்கள் கொண்ட அப்பாடல் 22 பகுதிகளாக அமைந்தது. எபிரேய நெடுங்கணக்கின் எழுத்துகள் 22. ஒவ்வொரு பகுதியிலும் எட்டு வசனங்கள். எட்டும் ஒரே எழுத்தில் தொடங்கும். அகரவரிசையில் அமைந்த ஆத்திசூடியைப் படித்த நம் மாணவர்க்கு இவ்வமைப்பை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. மனத்தில் நிற்பதற்காக எழுத்து வரிசையைத் துணைகொள்ளுதல் ஔவையார் கையாண்ட முறையே. தமிழ் மொழிபெயர்ப்பில் அவ்வெழுத்து வரிசை மறைந்துபோகின்றது. இணைகளோ நிலைத்து நிற்கின்றன. மாத வாசிப்பில் இப்பாடல் 24ஆம் நாள் மாலையில் தொடங்கி 26ஆம் நாள் மாலையில் முடியும்.

இணையாக அமைந்த அடிகளை இருவராகவோ இரு குழுவாகவோ பிரிந்து ஓதுதல் எளிது. நடத்துநர் ஒரு பாதியைச் சொல்ல, மக்கள் மறுபாதியைச் சொல்வர். எழுத்தறியாதோர் முதலில் பிறரைக் கேட்டுச் சொல்வர். சில திங்களில் நினைவிலிருந்து சொல்வர். அதன்பின் நூலைக் கையில் எடுத்தால், அறிந்த ஒலிக்கு உரிய எழுத்து எது என்று தாமே கண்டுகொள்வர். தோட்டப்புறத்துப் பாட்டியார் நூலைச் செவியில் வைத்திருந்ததன் காரணம் இதுவே.

கார்ன்வாலும் வேல்சும்

இதுவரை கூறியது இவ்வரலாற்றின் ஒளிமிக்க பக்கம். அதற்கு இருண்ட பக்கமும் உண்டு. மக்கள் அறிந்த மொழியில் வழிபாடு நடக்க வேண்டும் என்ற அதே நூல், அம்மொழியை அறியாத மக்கள்மீதும் திணிக்கப்பட்டது.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ளது கார்ன்வால். அங்கு வாழ்ந்தோர் பலர் அந்நாளில் கார்னிஷ் மொழி பேசினர். அது கெல்டிக் மொழிக் குடும்பக் கிளை. வேல்சு மொழிக்கு உறவுடையது. புதிய நூல் 1549 சூன் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மறுநாளே அண்டைப் பகுதியான டெவனில் உள்ள ஒரு சிற்றூரில் கலகம் மூண்டது. கார்ன்வால் மக்களும் எழுந்தனர். பழைய சமயமுறை வேண்டும் என்பது அவர்தம் முதன்மைக் கோரிக்கை. அதனோடு, தங்களுள் சிலர்க்கு ஆங்கிலம் அறவே தெரியாது என்பதையும் அவர்கள் எழுத்தில் தெரிவித்தனர். ஆங்கிலம் அறிந்தோரைவிட இலத்தீன் அறிந்தோர் உங்களுள் மிகுதியோ என்னும் கருத்தில் கிரான்மர் மறுமொழி எழுதினார். வாதத்தில் அது கூர்மையான விடையே. ஆனால் கார்னிஷ் மொழியிலேயே நூலைத் தந்துவிடலாம் என்பது அவ்விடையில் இடம்பெறவில்லை. கலகம் படைகொண்டு அடக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அக்காலத்தில் கார்னிஷ் மொழியில் மன்றாட்டு நூல் அச்சாகவில்லை, மறைநூலும் அச்சாகவில்லை.

இனி வேல்சைப் பார்ப்போம். 1563ஆம் ஆண்டில் மறைநூலையும் மன்றாட்டு நூலையும் வேல்சு மொழியில் பெயர்க்க வேண்டும் எனச் சட்டம் இயற்றப்பட்டது. 1567இல் வில்லியம் சேல்ஸ்பரி முதலானோரின் உழைப்பால் வேல்சு மன்றாட்டு நூலும் புதிய ஏற்பாடும் வெளிவந்தன. சேல்ஸ்பரி பெரும்புலவர். ஆனால் அவர் சொற்களின் இலத்தீன் மூலம் தெரியும்படி எழுத்துக்கூட்டினார். பேச்சில் நிகழும் ஒலிமாற்றங்களைப் பல இடங்களில் எழுத்தில் காட்டவில்லை. கண்ணுக்குக் கற்றறிவு தெரிந்தது. வாய்விட்டு வாசிப்போரோ இடர்ப்பட்டனர். இக்குறையை நீக்கியவர் வில்லியம் மார்கன். மூத்தோரின் நல்ல மரபுநடையையும் மக்கள் நாவின் இயல்பையும் இணைத்து, முழு மறைநூலையும் அவர் 1588இல் வெளியிட்டார். 1599இல் மன்றாட்டு நூலையும் திருத்தித் தந்தார். 1630இல் இல்லங்களில் வைத்து வாசிக்கத்தக்க சிறிய மறைநூற் பதிப்பு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் கிரிபித் ஜோன்ஸ் ஊர் ஊராகச் சென்று நடக்கும் பள்ளிகளை ஏற்படுத்தினார். பெரியோரும் சிறியோரும் அம்மறைநூலைக் கொண்டே எழுத்துக் கற்றனர்.

முடிவு என்ன? கார்னிஷ் மொழி 18ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் மக்கள் பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது. 20ஆம் நூற்றாண்டில் ஆர்வலர்கள் அதனை ஏடுகளிலிருந்து மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. வேல்சு மொழியோ 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேல்சில் ஏறத்தாழ 538,000 பேரால் பேசப்படுகின்றது. அந்நாட்டில் மூன்று வயதும் அதற்கு மேலும் உடைய மக்களுள் இது 17.8 விழுக்காடு.

இம்மாறுபாட்டுக்கு மன்றாட்டு நூல் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. வேல்சு பெரிய நிலப்பரப்பு. பேசுவோர் தொகையும் அங்கு மிகுதி. கவிதை மரபும் வலிது. ஆயினும், இரண்டு உறவு மொழிகளுள் ஒன்றுக்கு நாள்தோறும் உரக்க வாசிக்கும் ஓர் இடம் கிடைத்தது, மற்றொன்றுக்குக் கிடைக்கவில்லை. சந்தையிலும் கடற்கரையிலும் பேசப்பட்டும் கார்னிஷ் மொழி காக்கப்படவில்லை. ஒரு மொழி வீட்டில் பேசப்படுவதோடு நில்லாது, மதிப்புக்குரிய ஓர் உரையாக அன்றாடம் ஒலிக்கவும் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்குக் காட்டும் உண்மை.

தமிழில் ஒலித்தபோது

தமிழ் இவ்வகையில் நற்பேறு பெற்ற மொழி. 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி நிறைவுற்றது. பின்னர்ப் பப்ரிசியுசு, இரேனியுசு, பவர் முதலியோர் மொழிபெயர்ப்பையும் திருத்தத்தையும் தொடர்ந்தனர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லும் தமிழ் மறைநூல் திருத்தத்திலும் தமிழ் மன்றாட்டு நூல் திருத்தத்திலும் பங்குகொண்டவரே. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் மேற்கொண்ட மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் சைவப் பெரியாரான ஆறுமுக நாவலர். அவரே பின்னாளில் பெரியபுராண வசனமும் பாலபாடமும் தந்து தமிழ் உரைநடைக்கு வழிகாட்டினார். உரக்க வாசித்தற்கேற்ற உரைநடை எனும் செல்வம் ஒரு சமயத்தாரால் மட்டும் சேர்க்கப்பட்டதன்று என்பதற்கு இஃது ஒன்றே போதும்.

தமிழ்த் தொடரை உரக்க வாசிப்பதற்குத் தனித்திறம் வேண்டும். நம் மொழியில் முற்றுவினை பெரும்பாலும் இறுதியில் வருகின்றது. 'அவர் எழுந்து, நெடுவழி நடந்து, ஊரை அடைந்து, கூடியிருந்தோரை நோக்கிப் பேசினார்' என்னும் தொடரில், எச்சங்கள் அடுக்கி வர, வாசிப்பவர் பொருளை ஏந்திக்கொண்டே இறுதிவரை செல்ல வேண்டும். எங்கே மூச்சு வாங்குவது, எங்கே குரலை இறக்குவது என்பதை இலக்கண நூல் மட்டும் கற்பிக்காது. பழைய சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியும் இல்லை, சொற்பிரிப்பும் இல்லை. வாய்விட்டு வாசித்தே பொருள் கண்டனர் நம் முன்னோர். மறைநூலின் கதைப்பகுதிகளில் இத்தகைய நெடுந்தொடர்கள் மிகுதி. காலையும் மாலையும் அவற்றை வாசித்த ஒரு சிறுவன், தான் தொடரியல் கற்கிறோம் என்று அறியாமலே அதனைக் கற்றான்.

சொல்வளமும் அவ்வாறே பெருகிற்று. பழைய பெயர்ப்பில் சங்கீதம், கிருபை, பரிசுத்தம், ஸ்தோத்திரம் என்னும் சொற்கள் பயின்று வரும். 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் திருப்பாடல், அருள், தூய்மை, புகழ் என்னும் சொற்கள் வரும். இவ்விரண்டுள் எது சிறந்தது என்னும் வழக்கு இன்றும் உண்டு. ஆங்கிலேயர் பழைய சங்கீதங்களை விடாது பற்றியது போலவே, நம்மவர் பலரும் நாவில் படிந்த பழைய பெயர்ப்பை விட்டுத்தர மறுக்கின்றனர். அது வெறும் பிடிவாதம் அன்று. பழகிய சொல்லின்மேல் கொண்ட பற்று. மாணவர்க்கோ இரண்டும் வேண்டும். ஒரே பகுதியை இரு பெயர்ப்புகளிலும் அடுத்தடுத்து வாசித்தால், தமிழின் நடைமாற்றம் கண்முன்னே விரியும்.

கத்தோலிக்கத் திருச்சபையும் இவ்வழியில் பின்னர் நடந்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடந்தந்தது. 1971இல் வெளிவந்த திருத்தத்தின்படி சங்கீதங்கள் நான்கு வாரச் சுழற்சியில் ஓதப்படுகின்றன. காலைப் புகழும் மாலைப் புகழுமே நாள் வழிபாட்டின் இரு கீல்கள் என்று வகுக்கப்பட்டன.

நம் வீட்டில், நம் வகுப்பில்

இனி நம் நிலைக்கு வருவோம். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சிங்கப்பூரின் ஓபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென எழுந்த லூர்து மாதா ஆலயம் 1888ஆம் ஆண்டிலிருந்து நிற்கின்றது. இடம் உண்டு, சட்டம் உண்டு, கட்டடமும் உண்டு. ஆயினும் சிங்கப்பூர் இந்தியருள் வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டில் ஏறத்தாழ 37 விழுக்காடு. 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 27 விழுக்காடு. அதே பத்தாண்டில் வீட்டில் பெரிதும் ஆங்கிலம் பேசுவோர் ஏறத்தாழ 42 விழுக்காட்டிலிருந்து 59 விழுக்காடாயினர்.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதன்று. முதலில் பிள்ளைகள் தமிழில் விடையளிப்பதை விடுகின்றனர். பிறகு, அவர்களுக்கு விளங்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் வீட்டு மன்றாட்டு ஆங்கிலத்துக்கு மாறுகின்றது. பாட்டியார் அமைதியாக அமர்ந்திருக்கிறார்; திருத்துவதற்கு அவர்க்கு இப்போது ஒரு சொல்லும் இல்லை. இது கிறித்தவர் வீட்டுக் கதை மட்டுமன்று. தேவாரம் உரோமன் எழுத்தில் அச்சாகும் வீடுகளிலும் இதுவே நிகழ்கின்றது. பெற்றோரை நாம் பழிக்கவில்லை. விளங்காத மொழியில் மன்றாடுவதில் பயனில்லை என்ற கிரான்மரின் வாதம் அவர்கள் பக்கமும் நிற்கின்றது. அவ்வாதத்துக்கு விடைகள் இரண்டு உண்டு: மொழியை மாற்றிவிடுதல் ஒன்று, மொழியை விளங்கச் செய்தல் மற்றொன்று. கார்ன்வாலில் முதலாவது நடந்தது. வேல்சில் இரண்டாவது நடந்தது. நாம் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பதே இன்று நம்முன் உள்ள கேள்வி.

ஆசிரியப் பெருமக்களுக்கு நம் வேண்டுகோள்கள், கிரான்மர் கண்ட அம்மூன்று குறைகளிலிருந்தே பிறக்கின்றன.

ஒன்று, விளங்கும் மொழி. வாசிப்பதற்கு முன் அரிய சொற்கள் இரண்டு மூன்றை விளக்கிவிடுங்கள். வாசிப்பின் நடுவே நிறுத்தி விளக்க வேண்டா. உணர்ந்த சொல்லே நாவில் நிற்கும்.

இரண்டு, முழுமையான வாசிப்பு. நம் பாடநூல்கள் பெரும்பாலும் துண்டுகளின் தொகுப்பு. ஒரு நாவலின் இரண்டு பக்கம், ஒரு காப்பியத்தின் நான்கு பாடல். மூன்று நான்கு அதிகாரங்களோடு நின்றுவிடும் பழைய குறையே இது. ஓராண்டில் ஒரு முழு நூலையேனும், நாளொன்றுக்குப் பத்து நிமிடம் என, நேற்று நிறுத்திய இடத்திலிருந்து வகுப்பில் உரக்க வாசித்து முடியுங்கள். எந்நூல் என்பது உங்கள் விருப்பம். முடித்தல் என்பதே முதன்மை.

மூன்று, எளிய ஒழுங்கு. பணித்தாள் வேண்டா, மதிப்பெண் வேண்டா, குறித்த நேரம் ஒன்று போதும். மணி அடித்ததும் நூல் திறக்கப்பட வேண்டும். மாதத்தின் நாளைப் பார்த்தே பகுதியைக் கண்டுகொள்ளும் அம்முறையைப் போன்று, மாணவன் தானே இடத்தை அறிந்து தொடங்கும்படி அமையுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டில் எச்சமய நூல் வாசிக்கப்படினும், அல்லது திருக்குறள் மட்டும் வாசிக்கப்படினும், மாலையில் ஒருமுறை அதனை மூத்தோர் ஒருவர் கேட்கும்படி வாய்விட்டு வாசியுங்கள். சங்கீத நூலின் 15ஆம் நாள் மாலைப் பகுதி, 72 வசனங்கள் கொண்ட 78ஆம் சங்கீதம் ஒன்றே. பேராலயப் பாடகர்கள் அதன் நீளத்தை நன்கு அறிவர். ஆயினும் அதனை விடாது பாடி முடிப்பர். அது முன்னோரின் வரலாற்றைப் பின்வரும் தலைமுறைக்குச் சொல்ல வேண்டும் என்று தொடங்கும் பாடல். நீங்கள் தடுமாறுவீர்கள், தடுமாறினால் திருத்துவதற்கு ஒருவர் அருகிலிருப்பதே உங்கள் பேறு.

தோட்டப்புறத்துப் பாட்டியார் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்று வாசித்த அப்பேரன் இன்றும் ஒரு சொல்லைத் தாண்டிச் செல்லும்போது தானே நின்று, மறுபடி வாசிக்கின்றான். ஒரு மொழி ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர்ந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று நமக்கு வேண்டுவதில்லை. அத்தகைய செவிகள் நம் வீடுகளில் இன்னும் உள்ளன. அவை இருக்கும்போதே அவற்றின்முன் நூலைத் திறப்போம்.